நாலு மின்பேருந்து, இரண்டேகால் வருஷம்: ஒரு ஷூ கம்பெனி ஷெட்டிலிருந்து

வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு ஷூ கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிறேன். மொத்தம் பதினொரு பஸ். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஆரணி ரோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களைக் காலையில் கொண்டுவந்து சாயங்காலம் திரும்ப விடுவதுதான் எங்கள் வேலை. இதில் நாலு வண்டி 2023 ஆவணியில் மின்சாரத்துக்கு மாறியது. ஒன்பது மீட்டர், ஏசி. வாங்கியதற்குப் பெரிய லட்சியமெல்லாம் காரணமில்லை. வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டில் கார்பன் கணக்கு கேட்க ஆரம்பித்தார்கள், முதலாளி வாங்கிவிட்டார்.

ரேஞ்ச் எவ்வளவு, சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம் என்பதற்கெல்லாம் யூடியூபில் நூறு பேர் இருக்கிறார்கள். ஷெட்டில் இருக்கிற மனுஷங்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தப்பிலிருந்து தொடங்குகிறேன். டீசல் அதிகம் குடிக்கிற ரூட்டில் மின்வண்டியைப் போட்டால்தான் லாபம் என்று கணக்குப் போட்டு, குடியாத்தம் தாண்டிப் போகிற ரூட்டுக்கு ஒரு வண்டியைக் கொடுத்தேன். ஒரு நடை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். டீசல் காலத்தில் அந்த வண்டிக்கு நைட் ஹால்ட் கிராமத்திலேயே. டிரைவருக்கு அதுதான் சொந்த ஊர். சாயங்காலம் கடைசிப் பெண்ணை இறக்கிவிட்டு, வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விடுவார். விடிகாலையில் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர், அவ்வளவுதான்.

மின்வண்டிக்குப் புளியமரத்தடியில் சார்ஜர் ஏது? இரவு ஷெட்டுக்குத் திரும்பியாக வேண்டும், காலையில் காலி வண்டியாக மறுபடி போக வேண்டும். நூறு கிலோமீட்டர் இருநூறு ஆனது, அதில் பாதி காலி ஓட்டம். மிச்சம் பிடிக்க நினைத்த காசு ரோட்டிலேயே போனது. அதைவிட மோசம், டிரைவருக்கு நேர்ந்தது. ராத்திரி எட்டரைக்கு ஷெட்டில் வண்டியைப் போட்டுவிட்டு, தன் டூவீலரில் ஐம்பது கிலோமீட்டர் வீட்டுக்குப் போய், திரும்ப நாலு மணிக்குக் கிளம்பி வர வேண்டும். மூன்று வாரம் பொறுத்தார். ஒருநாள் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "சார், ஊர்ல பசங்க என்னைப் பார்த்தா வண்டி இன்னா ஆச்சுன்னு கேக்குறாங்க. வண்டியைப் புடுங்கிட்டாங்கன்னு நெனைக்கிறாங்க" என்றார்.

வீட்டு வாசலில் கம்பெனி வண்டி நிற்பது ஒரு மரியாதை. ராத்திரி யாருக்காவது பிரசவ வலி என்றால் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். இது எந்த எக்ஸெல் ஷீட்டிலும் இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டேன், பதிலுக்கு எதுவும் தரவில்லை. பழைய டீசல் வண்டியை அந்த ரூட்டுக்கே திருப்பி விட்டேன். மின்வண்டிகளைப் பக்கத்து ரூட்டுகளில் இரண்டு நடை, மூன்று நடை ஓடும்படி மாற்றினேன். ரூட் சீட்டைப் போடும் முன் டிரைவர்களை உட்கார வைத்துப் பேசியிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

அடுத்தது டீசல் மிச்சம். எங்கள் ஷெட்டில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து மாதாமாதம் இன்சென்டிவ் உண்டு. அதில் எப்போதும் முதலிடம் வாங்குகிற டிரைவர் மின்வண்டியில் கடைசிக்குப் போனார். மனுஷர் நொந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை போய்ப் பார்த்தேன். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது கை தானாக நியூட்ரலுக்குப் போகிறது, இருபது வருஷப் பழக்கம். மின்வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். நியூட்ரல் போட்டால் அது நின்றுவிடும், பிறகு பிரேக்கில் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். அவருடைய சாமர்த்தியம்தான் அவரைக் கவிழ்த்தது. சொன்னதும் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார். இன்னொன்றையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: காலையில் நூறு சதவீதம் சார்ஜோடு கிளம்பினால் முதல் சில கிலோமீட்டர் காலை எடுத்தாலும் வண்டி இழுத்துப் பிடிக்காது. பேட்டரியில் இடமில்லாதபோது திரும்பி வரும் சக்தியை எங்கே வைப்பது? புது டிரைவர்களுக்கு இதை இப்போது அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

நான் இங்கேயும் ஒரு கோமாளித்தனம் செய்தேன். யார் எங்கே சடாரென்று அழுத்தினார், எங்கே திடீர் பிரேக் என்று ஆப்பில் எல்லாம் வருகிறது. அதைப் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மறுநாள் காகிதத்தைக் காணோம். அதன் பிறகு அவரவர் கணக்கை அவரவர் போனுக்கு மட்டும் அனுப்புகிறேன். இன்சென்டிவை யூனிட் கணக்குக்கு மாற்றியது ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை பழைய சராசரித் தொகையையே கொடுத்தோம். செய்ததில் உருப்படியான முடிவு இது ஒன்றுதான் என்பேன்.

ஃபோர்மேன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்தாறு வயது. கேட்டுக்குள் வண்டி நுழைகிற சத்தத்தை வைத்தே "அஞ்சாம் நம்பர்ல இன்ஜெக்டர் பார்க்கணும்" என்பார். மின்வண்டி வந்த அன்று கம்பெனி சர்வீஸ் பையன் ஒருவன், ஆரஞ்சு கேபிளைக் காட்டி, "இதை யாரும் தொடாதீங்க, அறுநூறு வோல்ட்" என்று சொல்லிவிட்டுப் போனான். பையன் சொன்னது சரி, அதைத் தொட்டால் ஆள் இருக்க மாட்டார். அண்ணனின் காதில் விழுந்தது மட்டும் வேறு, "நீ தொடாதே" என்று. அன்றிலிருந்து அந்த நாலு வண்டி பக்கமே போகவில்லை. டீ குடிக்கக்கூட ஷெட்டின் அந்தப் பக்கம்தான்.

2024 தை மாதம், பொங்கல் முடிந்து முதல் நாள். விடிகாலை ஒரு வண்டி உயிரே இல்லை. பேட்டரி தொண்ணூறு சதவீதம், சாவி போட்டால் டேஷ்போர்டு மினுக்கிவிட்டு அணைகிறது. ஹெல்ப்லைனில் டிக்கெட் போடுகிறேன் என்றார்கள், சென்னையிலிருந்து ஆள் வர மதியம் ஆகும் என்றார்கள். ரூட்டில் முப்பது பெண்கள் காத்திருக்கிறார்கள். அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக வந்து, "தம்பி, ஆரஞ்சு ஒயர் வேணாம். கறுப்பு ஒயர் தொடலாமில்ல?" என்றார். இருபத்துநாலு வோல்ட் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தது. நாலு நாள் விடுமுறையில் ஏதோ விளக்கு எரிந்துகொண்டே இருந்து சின்ன பேட்டரி இறங்கியும் போயிருந்தது. அந்தச் சின்ன பேட்டரி இல்லாவிட்டால் பெரிய பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கிற கான்டாக்டர் என்கிற சுவிட்ச் மூடாது. மேலே எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி கல்தான். டெர்மினலைச் சுரண்டி, வேறு பேட்டரி மாட்டினார். பத்து நிமிஷம்.

அன்று மதியம் ரெக்கார்டை எடுத்து உட்கார்ந்தேன். அதுவரை நின்ற வண்டிகளில் பெரும்பாலும் காரணம் கதவு, ஏசி, டயர், சின்ன பேட்டரி. எல்லாம் அண்ணன் கையில் அடங்குகிற வேலை. மோட்டார் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. எடை அதிகம், இழுவையும் எடுத்த எடுப்பில் முழுசாக வருவதால் டயர் டீசல் வண்டியைவிடச் சீக்கிரம் தேய்கிறது. பிரேக் லைனிங் நேர்மாறாக, கடைசியாக எப்போது மாற்றினோம் என்று மறந்துபோகிற அளவுக்கு உழைக்கிறது. இப்போது அண்ணனும் ஒரு ஹெல்பரும் உயர்மின்னழுத்தப் பயிற்சி முடித்துவிட்டார்கள். ரப்பர் கையுறை அவர் டிராயரில் பூட்டி இருக்கிறது, சாவி அவரிடம் மட்டும்தான்.

இரவில் யார் சார்ஜ் போடுவது என்பதற்கு இரண்டு மாதம் சண்டை. ஏழு மணிக்கு வந்த டிரைவர் சார்ஜர் கன்னைச் சொருகிவிட்டுப் போய்விடுவார். எங்களுடைய எச்.டி. (உயர் மின்னழுத்த) மின் இணைப்பில் மாலை பீக் நேரத்துக்குக் கட்டணம் கூடுதல், இரவு பத்துக்கு மேல் குறைவு. பத்து மணிக்கு ஷெட்டில் இருப்பவர் வாட்ச்மேன் ஒருவர்தான். "அது என் வேலை இல்லியே" என்றார். சரியான கேள்வி. அவருக்கு மாதம் ஒரு தொகையும், ஒரு லாக் புத்தகமும், மழையில் நனையாமல் நிற்க ஒரு ஷீட் கூரையும் கொடுத்த பிறகு அது அவர் வேலையானது. கூரை வெயிலுக்கும் உதவியது. கத்திரியில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதியம் திறந்தவெளியில் நின்ற வண்டிக்கு சார்ஜ் ஏறுவது கண்ணுக்குத் தெரிய மெதுவானது. நிழலில் நின்றால் அவ்வளவு சுணக்கம் இல்லை.

பயணிகள் பக்கம் பயம் ஒன்று, கோபம் ஒன்று. 2022 மார்ச்சில் இதே வேலூரில், இரவு சார்ஜ் போட்ட மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு அப்பாவும் மகளும் இறந்ததை யாரும் மறக்கவில்லை. முதல் வாரம் சில பெண்கள் ஏறவே மறுத்தார்கள். ஒன்றும் ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. பேட்டரி எங்கே இருக்கிறது, அவசரக் கதவு எங்கே, கண்ணாடி உடைக்கிற சுத்தி எங்கே என்று காட்டினோம், ஒவ்வொரு ரூட்டிலும் இருவரைக் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னோம். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கோபம் நான் எதிர்பாராதது. லத்தேரி பக்கம் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார் வண்டி இது? வர்ற சத்தமே இல்ல. நான் வூட்ல இட்லி ஊத்திகினு கீறேன், அது பாட்டுக்கு வந்து போயிடுச்சி. அரை நாள் சம்பளம் போச்சி" என்றார். டீசல் வண்டி முந்தின ஊரில் திரும்பும்போதே உறுமல் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அடுப்பை அணைப்பார்கள், பிள்ளைக்கு ஜடை முடிப்பார்கள். இப்போது பிள்ளையார் கோயில் திருப்பத்தில் இரண்டு ஹார்ன் என்று பேச்சு. அந்த அக்காவின் அரை நாள் சம்பளத்தையும் வாங்கிக் கொடுத்தேன். எச்.ஆரில் அதற்கு என்ன தலைப்பு போட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

செலவு கேட்பவர்களுக்கு: கிலோமீட்டருக்கு மின்சாரம் எங்களுக்கு டீசலில் பாதிக்கும் கீழே வருகிறது. வண்டி விலையையும் சேர்த்தால் கதை வேறு, அதை முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்பேருந்துகளை விட்டது. அங்கே டிரைவர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள், கண்டக்டர் கழகத்தின் ஆள். ஒரே வண்டிக்குள் இரண்டு முதலாளி. எங்கள் ஷெட்டில் ஒரே முதலாளியை வைத்துக்கொண்டே இவ்வளவு பாடுபட்டோம், அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வியாசர்பாடிக்காரர் யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

வரும் சித்திரைக்குள் இன்னும் மூன்று வண்டி வாங்கலாமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். பதில் கடிதத்தை இந்தத் தடவை ஃபோர்மேன் அண்ணனும் அந்தக் குடியாத்தம் ரூட் டிரைவரும் உட்கார்ந்து என்னோடு எழுதினார்கள். அண்ணன் கேட்டது ஸ்பேராக இரண்டு சின்ன பேட்டரியும், ஒரு நல்ல டயர் ஸ்டாண்டும். டிரைவர் கேட்டது ஒரு சார்ஜர், அந்தப் புளியமரத்துக்கு எதிரே இருக்கிற ரைஸ் மில்லில். மில்காரரிடம் பேசிவிட்டோம். அவர் லைனில் லோடு தாங்குமா என்று பார்க்க திங்கட்கிழமை ஆள் வருகிறது.