"நைட்ரஸ் பிளக் செட்" என்று சொல்லி மூன்று மாதச் சம்பளத்தைக் கரைத்துவிட்டார்கள், உஷார்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்று காலைதான் எஞ்சின் ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனின் ஓரம் விரல் நுழைகிற அளவுக்கு உருகி ஓடியிருக்கிறது. கூடுதல் சக்திக்காக எஞ்சினுக்குள் நைட்ரஸ் வாயுவைச் செலுத்துகிற கிட், ஸ்பார்க் பிளக் செட், ஓடிய பிளக்கின் நிறத்தையும் தடத்தையும் பார்த்து எரிப்பு எப்படி என்று சொல்கிற "ரீடிங்" கட்டணம், இனி வரப்போகிற எஞ்சின் வேலை எல்லாம் சேர்த்தால் என் மூன்று மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். நைட்ரஸுக்குப் பிளக்கை எப்படித் தேர்வு செய்வது, எப்படிப் படிப்பது என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெயர் போடப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் பொருள் விற்கலாம் என்கிற ஆன்லைன் தளம் ஒன்று, அதில் ரேசிங் பாகங்கள் மட்டும் விற்கிற கடை ஒன்று. அவ்வளவு போதும்.

என் வண்டி எஞ்சின் நான்கு சிலிண்டர், டர்போ இல்லாதது. வண்டியோடு வந்த பிளக் என்ஜிகே கம்பெனியின் 6ஆம் எண். நான் வாங்கியது வெட் கிட், அதாவது நைட்ரஸோடு கூடுதல் பெட்ரோலையும் சேர்த்துச் செலுத்துவது; 75 எச்பி கூட்டுகிற ஷாட். நைட்ரஸ் தானாக எரியாது. சுமார் 300 டிகிரி செல்சியஸில் உடைந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். எடைக் கணக்கில் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36. அதனால் கூடுதல் பெட்ரோல் எரிகிறது, அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. பழைய பிளக்கே இருந்தால் அதன் முனை தணலாகி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். ஆகவே 75 முதல் 100 எச்பிக்கு ஒரு படி என்று கோல்ட் பிளக்குக்கு, அதாவது முனைச் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுகிற பிளக்குக்குப் போகவேண்டும். ஒரு படி மாறினால் முனைச் சூடு 70 முதல் 100 டிகிரி வரை குறையும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கே நம்பினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் "ஸ்டாக் இருக்கு சார்" என்றார்கள். இந்த ஆள் மட்டும் விலையைச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்டான். "கம்ப்ரஷன் எவ்ளோ ப்ரோ? ஆக்டேன் என்ன போடுறீங்க? இப்ப எந்த பிளக் ஓடுது?" எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்தவன் கையில் விழுந்தோம் என்று நினைத்தேன். "ஆறா? அப்ப ஏழு போடணும் ப்ரோ, ஒரு ஸ்டெப் கோல்ட். நம்ம நைட்ரஸ் செட்ல ஏழுதான் வரும். கேப் செட் பண்ணியே அனுப்பிடுவோம், நீங்க மாட்டினா போதும்." பிளக்கைப் படம் எடுத்து அனுப்பினால் படித்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணம். அதையும் கட்டினேன்.

பெட்டி வந்தது. பிளக்கில் ஏழு என்று இருந்தது. கம்பெனி மட்டும் வேறு: பாஷ். பிளக்கில் குற்றமில்லை, அசல் சரக்குதான். ஆனால் என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏற பிளக் கோல்ட். பாஷ், சாம்பியன் இரண்டிலும் நேர்மாறு, எண் ஏற ஏற ஹாட். பாஷ் ஏழு என்பது ஏறக்குறைய என்னுடைய பழைய என்ஜிகே ஆறுதான். ஒரு படிகூட இறங்கவில்லை! போதாததற்கு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ரகம். கேப், அதாவது ஸ்பார்க் தாவுகிற இடைவெளி, 1.1 மில்லிமீட்டர், கம்பெனி கேப் அப்படியே. இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ் என் டிராயரிலேயே கிடந்தது, அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்பார்க் வருகிற டைமிங்கை 3 டிகிரி பின்னுக்கு இழுத்துவிட்டு இரண்டு ரன் ஓட்டினேன். கழற்றிப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் பதில்: "செம ப்ரோ, பால் வெள்ளை, க்ளீன் பர்ன். ஜெட் ஒரு சைஸ் ஏத்துங்க." ஜெட் என்பது எவ்வளவு நைட்ரஸ் போகும் என்று தீர்மானிக்கிற சிறு துளை. ஏற்றினேன், பெட்ரோல் ஜெட்டையும் சேர்த்துத்தான். மூன்றாவது ரன்னில், முக்கால் தூரத்தில், சத்தம் மாறியது. பிறகு பின்னால் வெள்ளைப் புகை.

அதே பிளக்குகளை மறுநாள் எங்கள் பெரிய மெக்கானிக் லைட் வைத்த லென்ஸில் பார்த்தார். வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "தம்பி, இது எந்தக் கம்பெனி ஏழு?" என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான்மேல் ஊசிமுனையால் தொட்டு வைத்தது போல வெள்ளி மணிகள். அது என் பிஸ்டனின் அலுமினியம். பிளக் முனையின் வளைந்த கம்பியில் சூட்டின் நிறம் மாறுகிற கோடு வளைவுக்கு அருகே நிற்க வேண்டும், இதில் கம்பியை பிளக்கோடு வெல்ட் செய்த இடம் வரைக்கும் இறங்கிக் கிடந்தது. நான் இரண்டாவது ரன்னுக்குப் பிறகு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதிலும் மணிகள் தெரிகின்றன. காசு வாங்கிக்கொண்டு அதைத்தான் அவன் "செம" என்றிருக்கிறான்.

போன் போட்டேன். முதல் நாள், "டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் ப்ரோ." மறுநாள், "உங்க ஃப்யூவல் பம்ப் வீக்கா இருக்கும்." பம்ப் பிரஷர் பதிவை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால், "ரேசிங் பார்ட்ஸுக்கு வாரன்டி கிடையாது சார்." ப்ரோ எப்போது சார் ஆனார் என்று தெரியவில்லை. ஏழு என்றால் கோல்ட் என்றாயே என்றதற்கு, "நாங்க நம்பர் மட்டும்தான் சொன்னோம்." இரண்டு எண்ணையும் பிளாக் செய்துவிட்டான். தளத்தில் புகார் கொடுத்தால், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது." பொருத்தாமல் பிளக்கை எப்படி ஐயா சோதிப்பது? புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு மெயில், கூடவே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி இன்னொரு மெயில். மூன்று மாதச் சம்பளம் போனவனிடம்!

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: எண்ணை மட்டும் கேட்காதீர்கள், எந்தக் கம்பெனியின் எண் என்று கேளுங்கள். நீட்டிய முனை வேண்டாம். கேப்பை நீங்களே அளந்து 0.7 முதல் 0.9க்குள் வையுங்கள், அழுத்தம் ஏறும்போது அகலக் கேப்பில் ஸ்பார்க் அணைந்துபோகும். படிக்க வேண்டுமென்றால் புது பிளக் போட்டு, ஃபுல் த்ராட்டில் ரன் முடிந்த இடத்திலேயே இக்னிஷனை அணைத்து, ஐடிலில் ஓட்டி வராமல் தள்ளிக்கொண்டு வந்து கழற்றுங்கள். எந்த சிலிண்டர் பிளக் எது என்று குறித்துவைத்து லென்ஸில் பாருங்கள், போன் படத்தில் அல்ல. வெள்ளையாக இருப்பதால் மட்டும் நல்லது என்று ஆகாது, புது பிளக் இரண்டு ரன்னில் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரே ஒரு வெள்ளி மணி தெரிந்தாலும் நைட்ரஸ் ஜெட்டை ஏற்றாதீர்கள், இறக்குங்கள்.

டைமிங் பற்றியும் எழுத நினைத்தேன். மெக்கானிக் இரண்டாவது முறை கூப்பிடுகிறார், மூன்றாவது சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இருக்கிறதாம்.