சோக்கை இழுத்தால் நின்றுவிடும் மொறிஸ்: மூன்று வருஷ அனுபவம்

எங்கள் மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார். அதன் 948 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டர் பூட்டியது 2022 கடைசியில். கிளிநொச்சியில் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்த வருஷம் அது. ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது, அந்தக் காசுக்கும் பெற்றோல் இல்லை. அப்பாவை அது பெரிதாக அசைக்கவில்லை. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வேறொரு மொறிஸில் ஹயர் ஓடியவர் அவர். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பழகின கை. "மண்ணெண்ணெயில ஓடின சாமான், கரண்டில ஓடாதோ தம்பி?" என்று முதலில் கேட்டவரும் அவர்தான்.

இப்போது மூன்று வருஷம் முடிந்துவிட்டது. மீற்றர் மைலில்தான் காட்டும். மாற்றின பிறகு ஓடியது 17,000 மைல், கிட்டத்தட்ட 27,000 கிலோமீற்றர்.

பூட்டியிருப்பது பழைய போர்க்லிப்ற் ஒன்றிலிருந்து கழற்றின டிசி சீரிஸ் மோட்டர். பற்றரி லிதியம் இரும்பு பொஸ்பேற், 200 ஆம்பியர் மணி செல் 32. ஒரு செல் 3.2 வோல்ற், மொத்தம் ஏறக்குறைய 102 வோல்ற், 20 யூனிற் கொள்ளும். 45, 50 வேகத்தில் போனால் ஒரு கிலோமீற்றருக்கு 140 வாற் மணி இழுக்கிறது. அடிமட்டம் வரை இறக்காமல் 110 கிலோமீற்றர் நம்பி ஓடலாம். சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் கணக்கு செல்லாது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது ஆனையிறவு வெளியில் காற்று முகத்தில் அறையும். அங்கே கிலோமீற்றருக்கு 180 வாற் மணியைத் தாண்டிவிடும். அதனால் யாழ்ப்பாணம் போனால் அக்கா வீட்டில் சோறும் கரண்டும் எடுத்துக்கொண்டுதான் திரும்புவது.

பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பற்றரி எத்தினை வருஷம் தாங்கும்?" கிறீஸைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. என்னை நடுரோட்டில் விட்டது அந்தக் கிறீஸ்தான்.

மொறிஸின் முன்சில்லு, மேலும் கீழும் மரை போட்ட ட்ரனியன் மூட்டில் நிற்கிறது. அதற்குள் கிறீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்து முடிந்தால் மூட்டு கழன்று சில்லு மடங்கும். பெற்றோலில் ஓடின நாளில் ஒயில் மாற்ற கராஜுக்குப் போவோம், அங்கே நிற்கிற பொடியன் கேட்காமலே கிறீஸும் அடித்துவிடுவான். மின்சாரம் வந்த பிறகு மாற்ற ஒயில் இல்லை, கராஜுக்குப் போக ஒரு சாட்டும் இல்லை. ஒன்றரை வருஷம் காருக்கு அடியில் ஒருவரும் படுக்கவில்லை. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு ரோட்டுக்குத் திருப்பும்போது இடது முன்சில்லு உள்ளுக்கு மடங்கி, கார் முழங்கால் குத்தியது. நடக்கிற வேகம், ஒருவருக்கும் கீறல் இல்லை. அதே வேகம் 60 என்றால் இதை எழுத நான் இருக்கமாட்டேன். இப்போது 1,000 மைலுக்கு ஒருக்கால் நானே கிறீஸ் கன்னோடு அடியில் படுக்கிறேன். எஞ்சின் எடுத்த காருக்குச் சேர்விஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறேக்கும் இதே கதைதான். சீரிஸ் மோட்டர் இறக்கத்தில் பிடித்து நிறுத்தாது, கரண்டைத் திருப்பியும் தராது. முன்பு எஞ்சின் இழுத்துப் பிடித்த வேலையையும் நாலு ட்ரம்மும் சேர்த்துச் செய்ய, லைனிங் சீக்கிரம் தேய்கிறது. டிக்கிக்குள் பாதி செல் இருப்பதால் பின்பக்கம் அமர்ந்துபோய், வில்லுக்கு ஒரு பட்டை கூட்டிப் போட்டோம்.

இந்த வகை மோட்டரைச் சுமை இல்லாமல் சுழலவிடக்கூடாது, வேகம் ஏறி ஏறிச் சிதறிவிடும். கிளச் இருந்தால் மறதியில் மிதித்துக்கொண்டு அக்சிலேற்றரை அமத்துவோம் என்று கிளச்சையே எடுத்துவிட்டு, கடைசல் பட்டறையில் இணைப்பு செய்து நேராகக் கியர்பெட்டியில் பூட்டினோம். எப்போதும் மூன்றாம் கியர். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மோட்டரின் மூடியைத் திறந்து, காபன் தூளைக் காற்றடித்து ஊதி, உள்ளே உரசித் தேயும் காபன் பிறஷின் நீளத்தைப் பார்க்க வேணும். எங்கள் கிரவல் ரோட்டுப் புழுதிக்கு அதை நாலு மாதமாக்கிவிட்டேன்.

பற்றரி ஒரேயொரு தரம் மிரட்டியது. அக்சிலேற்றரை அமத்தினால் கார் அப்படியே அணைந்துவிடும். நிற்கும்போது எல்லா செல்லும் ஒரே வோல்ற். ஓடும்போது 19ஆம் செல் மட்டும் 2.6 வோல்ற்றுக்கு விழுகிறது. கொழும்பில் ஒரு இடத்தில் போனில் கேட்டேன். முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்லி, விலையும் சொன்னார்கள். அந்த விலைக்கு இன்னொரு மொறிஸ் வாங்கலாம். பிறகு ஒரு பின்னேரம், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வந்து இணைப்புப் பட்டைகளைக் கையுறையோடு தொட்டுப் பார்த்தேன். 19க்கும் 20க்கும் இடையில் உள்ள பட்டை மட்டும் கொதித்தது. கழற்றினால் செல்லின் அலுமினியத்துக்கும் செம்புப் பட்டைக்கும் இடையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தேய்த்து, பசை பூசி, அளவாக இறுக்கிப் பூட்டியதோடு சரி. செலவு அரைநாள்.

எலி வேறு. செல்களிலிருந்து வரும் மெல்லிய கண்காணிப்பு வயர்களை இரண்டு தரம் கடித்தது. வயர்களை இரும்புக் குழாய்க்குள் விட்டேன்.

சார்ஜ் போடுவது விடியப்புறம். பின்னேரம் எங்கள் பக்கத்தில் வோல்ற்றேஜ் படுத்துவிடும், பகல் வெயிலில் பெட்டிக்குள் சூடும் கூட. சாதாரணமாக 90 வீதத்தோடு நிறுத்துவேன். மாதம் ஒருக்கால் மட்டும் முழுதாக ஏற்றி, செல்களைச் சமன்படுத்த விடுவேன்.

எதிர்பாராத கரைச்சல் கட்டாக்காலி மாடுகள். ஏ9 வீதியில் இருட்டுப்பட்ட பிறகு தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கும். மொறிஸின் பழைய சத்தத்துக்குத் தூரத்திலேயே எழும்பின மாடுகள், இப்போது பம்பர் முட்டப் போனாலும் அசைபோட்டுக்கொண்டு கிடக்கின்றன. பின்சில்லில் சைக்கிள் மணி கட்டச் சொல்கிறார் அப்பா.

அவர் பகிடி விடலாம், சோக் கதையைச் சொன்னால் முகம் மாறும். குளிரில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முன்பு இழுத்த, டாஷ்போர்டில் இருந்த சோக் குமிழை எறிய மனமில்லாமல், பற்றரியை ஒரே இழுவையில் துண்டிக்கிற அவசரச் சுவிச்சுக்குப் பூட்டினோம். விடியக் குளிரில் அப்பாவின் கை தானாகப் போய் அதை இழுக்கும். கார் செத்துவிடும். "ஏன்ரா, கரண்ட் போட்டுதோ?" என்பார்.

அடுத்த வேலை கறள். ஓட்டுநர் காலடித் தகடு உக்கிவிட்டது. மாரிக்கு முன் வெட்டி ஒட்ட வேணும். பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டர் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, ஒரே திறப்பில் அதையும் பார்த்துவிடலாம். வெல்டிங் பொறி படமுன், மோட்டருக்குக் கரண்டை அளந்துவிடும் கொன்ட்ரோலரைக் கழற்றி, 32 செல்லையும் இறக்கி வைக்க வேணும். இறக்க ஒரு நாள், ஒட்ட ஒரு மணித்தியாலம், திரும்ப ஏற்ற இரண்டு நாள்.