குளிர்விப்பதா, சூடாக்குவதா: வன்னியில் ஒரு பேட்ச் கிளாம்ப் மேசை

கண்ணாடி நுண்குழாயின் முனையைக் கலமொன்றின் சவ்வில் ஒட்டவைத்து மின்னோட்டத்தை அளக்கும் முறை பேட்ச் கிளாம்ப். அந்த ஆய்வுக் கட்டுரைகளில் ‘அறைவெப்பநிலையில் பதிவுசெய்யப்பட்டது’ என்ற வரி அடிக்கடி வரும். அந்த அறை பெரும்பாலும் 22 பாகை செல்சியஸ் அறை. ஆவணியில் கச்சான் அடிக்கும்போது கிளிநொச்சியில் எங்கள் அறை 33 பாகை. கலச்சவ்வில் திறந்து மூடும் நுண்வழிகளான அயன் கால்வாய்களில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க உட்காருபவருக்கு இந்த 11 பாகை சிறிய விடயமல்ல.

காரணத்தை இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கு எளிதாகச் சொல்லலாம். துருசு திறக்க எடுக்கும் நேரம் ஒன்று. திறந்தபின் வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு வேறொன்று. வெப்பநிலை 10 பாகை ஏறினால், திறந்த அயன் கால்வாயின் மின்னோட்டம் வழக்கமாக ஒன்றரை மடங்குக்குள்தான் கூடும். திறந்து மூடும் வேகமோ பல கால்வாய்களில் மூன்று மடங்காகிவிடும். 1952இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழைக்கு எழுதிய சமன்பாடுகளிலேயே இந்த மூன்று மடங்குக் கணக்கு இருக்கிறது. அவர்களுடைய அடிப்படை வெப்பநிலை 6.3 பாகை. காலையில் 29இலும் பிற்பகலில் 33இலும் எடுத்த பதிவுகளைச் சேர்த்துச் சராசரி பார்த்தால், திறக்கும் வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேறுபாட்டைச் சராசரிக்குள் புதைத்துவிடுகிறோம்.

வெப்பநிலையை ஒரே எண்ணில் நிறுத்த எங்களுக்கு இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, கலங்கள் கரைசலில் கிடக்கும் தொட்டியின் அடியில், மின்னோட்டத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தட்டை வைத்து 22 பாகைக்குக் குளிர்விப்பது. மற்றது, கரைசல் வரும் குழாயில் சிறு சூடாக்கி பொருத்தி 35 பாகைக்கு ஏற்றுவது. அறை முழுவதையும் குளிரூட்டியால் 22க்கு இறக்கலாம் என்பார்கள். மின்கட்டணத்தை விட்டாலும், அதன் காற்று நேரே மேசையில் பட்டால் நுண்குழாய் நடுங்கும், ஒட்டுதல் அறுந்துபோகும். அதைத் தொடரவில்லை.

பெல்டியர் தட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் அதே தட்டு சூடாக்கவும் செய்யும். கரைசலின் ஓட்டம் நின்றாலும் தொட்டியின் வெப்பநிலை பெரிதாக நகராது. 22இல் பதிவுசெய்தால் பிறர் வெளியிட்ட அளவுகளோடு நேராக வைத்துப் பார்க்கலாம். உலர்ந்த, குளிரூட்டிய அறை இருப்பவர் அதையே வாங்கலாம்.

எங்கள் அறை அப்படிப்பட்டதல்ல. இரவல் வாங்கிய தட்டு ஒன்றை ஒரு மாரிகாலம் முழுவதும் வைத்துப் பார்த்தோம். மார்கழியில் காற்று 28 பாகை, ஈரப்பதம் 85 வீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. அதற்குக் கீழே எதைக் குளிர்வித்தாலும் அதில் நீர் படியும். ஒருநாள், “அண்ணா, பித்தளை வேர்க்கிறது” என்றார் கூட வேலை செய்யும் தம்பி. குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடிவிளிம்பில் வரிசையாக முத்து முத்தாக நீர். அதில் ஒரு துளி, ஒழுகிய உப்புக் கரைசலோடு கலந்து, நுணுக்குக்காட்டியின் பொருள்வில்லை மேல் சொட்டிக் காய்ந்து வெள்ளை வளையமாகிக் கிடந்தது. எங்களுடையது வில்லை அடியில் இருக்கும் தலைகீழ் நுணுக்குக்காட்டி. மேலிருந்து விழுவதெல்லாம் அதற்குத்தான். அன்றிலிருந்து தினமும் துடைப்பதே ஒரு வேலையாயிற்று. ஈரம் ஏறிய இணைப்புகளில் மின்கசிவு வந்து, பதிவின் அடிக்கோடு அலையத் தொடங்கியது. என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புத்தான்.

குழாய்ச் சூடாக்கியில் எங்கள் ஊர் வெக்கையே துணைக்கு வருகிறது. 22 பாகை அறையில் 35க்கு ஏற்றுபவர் 13 பாகையைக் கடக்க வேண்டும். சூடாக்கியிலிருந்து தொட்டி வரைக்குமான சில சென்ரிமீற்றரில் அதில் ஒரு பங்கை இழந்தும் விடுவார். நாங்கள் ஏற்றுவது இரண்டு முதல் ஆறேழு பாகைதான். ஓட்டம் நின்றாலும் சரிவு அவ்வளவுதான். 35 பாகை மனித உடலுக்கு அண்மையான வெப்பநிலை என்பதும் ஒரு நன்மை: இதயத்தின் ஹெர்க் கால்வாயைத் தடுக்கும் சில மருந்துகளின் வலு 22இல் ஒன்றாகவும் 35இல் வேறாகவும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. கரைசல் சூடாகும்போது கரைந்திருந்த காற்று குமிழாக வெளியேறும். ஒரு குமிழ் தொட்டிக்குள் உருண்டால் அந்தக் கலம் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை நேரே மாட்டாமல், 40 பாகை வரை சூடாக்கி ஆறவைத்த பிறகே பயன்படுத்துகிறோம். போத்தலில் மட்டம் இறங்க ஓட்டம் குறையும், வெப்பநிலையும் நகரும். அதனால் நிமிடத்துக்கு 2 மில்லிலீற்றர் என்று பம்பில் கட்டிவைத்திருக்கிறோம். வெப்ப உணரியின் முனை கலத்துக்கு ஓரிரு மில்லிமீற்றர் அருகில் இருக்க வேண்டும். சூடாக்கியின் முகப்பு காட்டும் எண்ணை நம்பக் கூடாது. சூடாக்கிக்கு நேரோட்டம் கொடுங்கள். ஆடலோட்டம் கொடுத்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பதிவில் ஏறும்.

கரைசலிலும் கவனம் தேவை. கரைசலின் அமிலத்தன்மையை (பி.எச்.) நிலையாக வைக்கச் சேர்க்கும் ஹெப்பெஸ் தாங்கியின் பி.எச். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.014 இறங்கும். 25இல் 7.4 என்று சரிசெய்தது 35இல் 7.26. அளவுமானியின் தன்னியக்க வெப்பத் திருத்தம் மின்வாயைத்தான் திருத்துகிறது, தாங்கியை அல்ல. எனவே பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே பி.எச்.ஐச் சரிசெய்யுங்கள். கச்சான் மாதங்களில் திறந்த தொட்டியிலிருந்து நீர் ஆவியாகிக் கரைசலின் பிரசாரணச் செறிவு (கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு) ஏறும், கலங்கள் சுருங்கும். இடைவிடாத ஓட்டம் அதையும் தடுக்கிறது.

எங்கள் அனுபவம் வளர்ப்புக் கலங்களோடுதான். மூளைச் சீவல்களில் கை வைத்தது குறைவு, அதற்கு இந்தத் தீர்ப்பை நீட்ட மாட்டேன். ஒட்டுதல்கள் 35இல் சீக்கிரம் தளர்வதையும் கண்டிருக்கிறேன். செத்தல் மிளகாயின் காரத்தையும் 43 பாகைச் சூட்டையும் உணரும் டிஆர்பிவி1 கால்வாய்க்குச் சூடாக்கி போதும். ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே திறக்கும், குளிரை உணரும் டிஆர்பிஎம்8 கால்வாயைப் படிக்க வேண்டுமென்றால் பெல்டியர் தட்டு இல்லாமல் முடியாது.

சூடாக்கி வாங்கினால் உணரியை இரண்டாக வாங்குங்கள், முதலில் பழுதாவது அதுதான். மாலையில் காய்ச்சி வடித்த நீர், 70 வீத அற்ககோல், மறுபடி நீர் என்று குழாயைக் கழுவிக் காற்றூதி உலரவிடுங்கள். குளுக்கோசுக் கரைசலை இந்த வெக்கையில் ஓரிரவு குழாயில் விட்டால் மறுநாள் உட்சுவரில் வழுவழுப்பு ஏறியிருக்கும்.