கிரீஸ் டிராப்பை அடி வரைக்கும் காலி பண்ற ஆளுங்க

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கவங்க யாராச்சும் கிரீஸ் டிராப் (கிச்சன் கழிவுத் தண்ணியிலேருந்து எண்ணெய், கொழுப்பைப் பிடிச்சு நிறுத்துற தொட்டி) கிளீனிங்குக்கு ஆள் தேடுறீங்கன்னா இவங்களைத் தாராளமா கூப்பிடலாம். எங்க கிச்சன்ல பிரியாணி, பரோட்டா, மட்டன் குருமான்னு நாள் பூரா ஓடுது, நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் சட்டி கழுவுற தண்ணியோட போயி டிராப்புக்குள்ள ஆறி வெள்ளையா கட்டி தட்டிரும்.

முன்னாடி வந்த கம்பெனிக்காரங்க மேல மிதக்குறதை மட்டும் வழிச்சுட்டு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவாங்க, அடியில சோத்துப் பருக்கை, தோசை மாவு, எலும்புத் துண்டுன்னு சேறு அப்படியே கெடக்கும். சேறு ஏற ஏற தண்ணி நிக்க எடமிருக்காது, எண்ணெய் பிரிஞ்சு மேல வர்றதுக்குள்ள தண்ணியோட சேர்ந்து பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கே ஓடிரும். பத்தாததுக்கு "கொதிக்கிற தண்ணியும் சோப்பும் ஊத்துங்க, கரைஞ்சிரும்"னு யோசனை வேற சொன்னாங்க. டிராப்புக்குள்ள கரையும்தான், ஆனா அந்தாண்டை குழாய்ல போயி ஆறுனதும் திரும்ப ஒட்டிக்கும்ல?

இவங்க அப்படி இல்ல. லாரியில பம்ப் வச்சு மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு, சுவரு, தடுப்புத் தகடு எல்லாம் சுரண்டி, வெளிய போற பைப் வாயை டார்ச் அடிச்சுப் பாத்து, கடைசியில நல்ல தண்ணி நெரப்பிட்டுத்தான் மூடுறாங்க. இந்த தண்ணி நெரப்புற வேலையை நெறைய பேரு விட்டுர்றாங்க, தொட்டி காலியா கெடந்தா எண்ணெய் அந்தத் தடுப்புத் தகட்டுக்கு அடியில பூந்து நேரா வெளிய போயிரும். மூடியைத் திறந்ததும் யாரும் தலையை உள்ள விடல, கொஞ்ச நேரம் காத்தாட விட்டாங்க. அழுகுன முட்டை நாத்தம் அடிக்குதே அது ஹைட்ரஜன் சல்பைடு, ஆளையே சாய்ச்சுரும், அதனால இந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. போகும்போது ஒரு தம்பி, "அக்கா, அடியில மாவு நெறைய நிக்குது, சிங்க்ல சல்லடை போட்டு வைங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு, போட்டதுலேருந்து சேறு நல்லாவே கொறைஞ்சிருக்கு.

யாரைக் கூப்பிட்டாலும் தேசிய சுற்றுப்புற வாரியத்தோட லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, இவங்க கேக்காமலே காட்டுனாங்க. கொழுப்பு குழாய்க்குள்ள சேர்ந்தா என்னாகும்னு கேட்டீங்கன்னா, 2017ல லண்டன் வைட்சேப்பல்ல 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் கொழுப்பு சாக்கடையை அடைச்சு நின்னுச்சு. நம்ம ஊர்ல கிராஞ்சியிலேருந்து சாங்கிக்கு 48 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி கழிவுத் தண்ணியைக் கொண்டு போயி சுத்தம் பண்ணி, அதுலேருந்து நியூவாட்டரும் (திரும்பப் பயன்படுத்துற அளவுக்குச் சுத்திகரிச்ச தண்ணி) எடுக்குறாங்க, அதுக்குப் போற குழாய்ல நம்ம கடை நெய் போயி நிக்கவே கூடாது.

விலை பழைய ஆளுங்களை விட கொஞ்சம் கூடதான், ரசீதும் ரெண்டு தடவை கேட்டப்புறம்தான் வந்துச்சு, அதுக்காக ஒரு ஸ்டார் கொறைச்சிருக்கேன். கடை மூடுனப்புறம் ராத்திரி ஸ்லாட் வேணும்னா முன்னாடியே புக் பண்ணிருங்க, தீபாவளி நேரத்துல கெடைக்கிறது கஷ்டம்.