மண்டபமாக இருந்த மளிகைக்கடை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் இந்தப் பெரிய மளிகைக்கடைக்கு ஒரு வருஷமாகப் போய்வருகிறேன். நான் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. எங்கே போனாலும் கண் முதலில் தரைக்குத்தான் போகும். இந்தக் கடையின் தரையே சொல்லிவிடும், இது கல்யாண மண்டபமாக இருந்த இடம் என்று.

முன்பக்கம் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ், பளிச்சென்று இருக்கிறது. பருப்பு வரிசை முடிகிற இடத்தில் அது நின்றுபோய் பழைய மொசைக் தொடங்குகிறது. கண்ணாடிப் பட்டி வைத்துக் கட்டம் பிரித்து, மெஷின் விட்டுத் தேய்த்த அந்தக் காலத்து வேலை. ஒரு விரிசல் கிடையாது. முன்பக்கம் அதன் மேலேயே டைல்ஸை ஒட்டியதால் சேருமிடத்தில் அரை அங்குலம் இறக்கம். டிராலி அங்கே ‘டக்’கென்று குதிக்கும். முட்டை வாங்கியிருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய், சோப்பு இருக்கும் பின்பகுதிதான் பந்தி நடந்த கூடம். அங்கே டிராலியை விட்டுவிட்டுத் திரும்பினால் அது மெதுவாக மூலைக்கு நகர்ந்துவிடும். “எல்லா டிராலியும் அங்கதாங்கண்ணா போய் நிக்குது, வீலு சரியில்லைங்க” என்றார் சாமான் அடுக்கிய தம்பி. வீல் சரியாகத்தான் இருக்கிறது. பந்திக்குப் பந்தி தண்ணீர் விட்டுக் கழுவ, கட்டும்போதே தரைக்கு வாட்டம், அதாவது மூலைப் பக்கமாக லேசான சரிவு, கொடுத்திருக்கிறார்கள். மூலை ஷெல்ஃபுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தண்ணீர் போகிற ஜாலி இன்னும் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் வெள்ளை டைல்ஸ், அதில் சிமெண்ட் வைத்து அடைத்த குழாய் ஓட்டைகள் வரிசையாக 14. கை கழுவிய இடம். எத்தனை ஊர் ஜனம் அங்கே நின்று கழுவியிருக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

என் மனக்குறை மணமேடைதான். மூன்று படி ஏறினால் அரிசி. 26 கிலோ மூட்டையை மேலே அடுக்கிவிட்டு, டிராலியைக் கீழே நிறுத்தச் சொன்னால் எப்படி? முட்டிவலிக்கார என் அம்மா பிடித்து ஏற ஒரு கம்பி இல்லை. ஒன்றரை அடி உயரத்துக்குச் சரிவு போட வேண்டுமானால் 18 அடி நீளம் வேண்டும், ஓரத்தில் அந்த இடம் இருக்கிறது. முடியாவிட்டால் பிஸ்கட்டை மேலே ஏற்றி அரிசியைக் கீழே இறக்கலாம். ஜவ்வரிசியை மேடைக்குப் பின்னால் தூண் மறைவில் வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்கு, வாசலில் இருக்க வேண்டியது.

சாமான் சுத்தமாக இருக்கிறது, பில் போடுகிற இடத்திலும் கூட்டம் தேங்குவதில்லை. மூட்டைக் கணக்கில் வாங்க மொத்த வியாபாரம் நடக்கும் லீ பஜார்தான். மாதச் சாமானுக்கு இங்கே தாராளமாக வரலாம்.

போன வாரம் சூப்பர்வைசரிடம் பேசினேன். தீபாவளிக்குள் பின்பகுதிக்கும் டைல்ஸ் போடப்போகிறார்களாம். வேண்டாங்க. அந்த வாட்டத்தை நிரப்பி மட்டத்துக்குக் கொண்டுவர ஏகப்பட்ட கலவை பிடிக்கும். மொசைக்குக்கு ஒரு பாலிஷ் போதும். சேருமிடத்தில் மட்டும் முன்பக்க டைல்ஸில் ஒரு வரிசையை எடுத்துவிட்டுச் சரிவாகப் பூசினால் டிராலி குதிக்காது. ஒரு நாள் வேலை.