குமரியில் நிலம் பாகம் வைக்கப் போனபோது பார்த்ததும் கேட்டதும்

நான் மஸ்கட்டில் இருக்கிறேன். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனது அப்பாவின் நிலத்தைப் பாகம் வைக்க, அதாவது எங்களுக்குள் பிரித்துக்கொள்ள. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு ரப்பர் விளை (தோட்டத்தை எங்கள் பக்கம் விளை என்போம்), அதற்குக் கீழே கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், அவ்வளவுதான் சொத்து. அண்ணன் ஊரில் இருக்கிறார், தம்பி கனடாவில், மகள் நான் ஒருத்திதான். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருக்கிற நம் ஆட்கள் ஏராளம், அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் விலை, ஏனென்றால் ஊரில் இறங்கியதிலிருந்து காதில் விழுந்தது அதுதான். குமரியில் யாரும் ஏக்கர் கணக்கில் பேசுவதில்லை. எல்லாம் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸுமாக இருக்கும், ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய 2.47 சென்ட், இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. சின்ன வயதில் விளை விலை பேசுகிறவர்கள் மரம் எத்தனை, பால்வெட்டு தொடங்கி எத்தனை வருஷம், கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டதைக் கேட்டிருக்கிறேன். இப்போது எங்கள் விளையைப் பார்க்க வந்த தரகர்கள் யாரும் மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ரோடு எத்தனை அடி, டெம்போ உள்ளே வருமா, பக்கத்தில் வீடு இருக்கிறதா, இதுதான் கேள்வி. ரோட்டோரத்துச் சென்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். அதே விளையின் பின்பக்கம், வண்டி போகாத இடம், அதில் பாதிகூட இல்லை. வயலுக்கு அதையும்விடக் குறைவு. ஒரே மண், ஒரே மரம், ஒரே தண்ணீர், ஆனால் நாற்பது அடி தள்ளிப் போனால் விலை பாதிக்கும் கீழே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்ட் ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏக்கர் ஒரு கோடி. ஏக்கருக்கு வருஷத்தில் அறுநூறு எழுநூறு கிலோ ரப்பர் ஷீட் கிடைத்தால் நல்ல தோட்டம். கிலோ 200 ரூபாய் என்று போட்டால் ஒரு லட்சத்து இருபதாயிரம், மிஞ்சினால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதில் பால்வெட்டுக் கூலி, பால் உறைய ஆசிட், உரம், மழைக்காப்பு எல்லாம் போக பாதி கையில் நின்றாலே பெரிது. அதே ஒரு கோடியை வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டால் ஆறு லட்சம். ஆக, விவசாயம் செய்து பிழைக்க நினைக்கிற ஒருவன் குமரியில் இனி நிலம் வாங்கவே முடியாது. இது எனக்கு உண்மையிலேயே பெரிய வேதனை. நெல்லிலும் இதே கதைதான். 2025-26 பருவத்தின் அரசு கொள்முதல் விலையான 2,500 ரூபாயைக் குவிண்டாலுக்குப் போட்டு, ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு இருபது குவிண்டால் அறுத்தால் ஐம்பதாயிரம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் சேர்த்து ஒரு லட்சம், செலவு கழிக்காமல்.

விளைச்சலுக்கும் நில விலைக்கும் தொடர்பு அறுந்து பல வருஷம் ஆகிவிட்டது. ரப்பர் 2011-இல் கிலோ 240 ரூபாய் பக்கம் போனது, 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே விழுந்தது. அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் பக்கம் விளை விலை இறங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து ரப்பரும் வாழையும் தென்னையும் வேரோடு சாய்ந்தபோதும் நில விலை சாயவில்லை. 2024 ஆகஸ்டில் ரப்பர் மறுபடி 240-ஐத் தாண்டியது, அதனால் விளை விலை ஏறியது என்று எந்தத் தரகரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதெல்லாம் நாலுவழிச் சாலை, அப்புறம் பக்கத்துக் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம். காரணத்தை அதிகம் தேட வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமான மாவட்டம் இது. இருக்கிற துண்டு நிலத்தை ஒவ்வொரு தலைமுறையும் பாகம் வைக்கிறது. மேலே மலையும் காடும், கீழே கடல், நடுவில் இருப்பதற்குத்தான் இத்தனை போட்டி, அதில் நம் வளைகுடாப் பணமும் இருக்கிறது.

மலையடிவாரத்தில் விலை குறைவாகச் சொன்னால் மட்டும் கவனம். அந்தப் பக்கம் பல சர்வே எண்கள் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டவை, பட்டா கையில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

இனி அலுவலக வேலைகள். நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைக்கும் நில மதிப்பு), பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் மஸ்கட்டில் இருந்தே பதிவுத் துறையின் இணையதளத்திலும் வருவாய்த் துறையின் இணையதளத்திலும் பார்த்துவிட்டேன். முன்பு இதற்கு ஒரு ஆளை அனுப்பி, அவர் வருவதும் போவதுமாக ஒரு மாதம் ஆகும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார், சிக்கல் இல்லாமல் கிடைத்தது. பதிவன்று டோக்கன் நேரத்துக்குப் போனோம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கட்டணமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் பாகத்தின் மதிப்பில் முத்திரை 1 சதவீதம், பதிவு 1 சதவீதம், உச்சவரம்பு முறையே 40,000, 10,000. 2023 ஜூலையில் ஏற்றியது இது. வெளியாருக்கு விற்றால் வாங்குகிறவர் 9 சதவீதம் கட்ட வேண்டும். 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 ஆக்கினார்கள். 2023-இல் மதிப்பைத் திரும்ப ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், 2024 ஜூலையில் மதிப்பு மறுபடி மாறியது. அதனால் யாராவது பழைய பத்திரத்தைக் காட்டி இதுதான் அரசு மதிப்பு என்றால் நம்ப வேண்டாம், இன்றைய தேதிக்குப் பாருங்கள். 2025 ஏப்ரலில் இருந்து பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

எங்களை இழுத்தடித்தது உட்பிரிவு. மொத்தச் சர்வே எண்ணும் கைமாறினால் பட்டா தானாக மாறுகிறது, ஆனால் ஒரு எண்ணை மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். பணம் கட்டிய ரசீது இருக்கிறது, நாள் சொன்னார்கள், வரவில்லை. மறுபடி நாள் சொன்னார்கள், வேறு பணி என்றார்கள். விடுமுறை எடுத்து வந்திருக்கிறேன் என்று சொன்னால், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பதில். கடைசியில் வந்து அளந்தபோது கிழக்கு எல்லையில் நாலடி குறைகிறது, பக்கத்து விளைக்காரர் வீட்டில் இல்லை, ஆகவே கையெழுத்தில்லை. நான் கிளம்பும்வரை அது முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அளவு வேலையை ஊரில் இருக்கும் உறவினர் பெயரில் முன்கூட்டியே தொடங்கி வைத்துவிட்டு, பதிவுக்கு மட்டும் போவதுதான் சரி.

இன்னொன்று குமரிக்கே உரியது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம். தாத்தா காலத்து ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், முழுக்க மலையாளம், தேதி கொல்லம் ஆண்டில். 1098 என்று இருந்தால் 1922-23 என்று கணக்கு. சில நிலங்கள் ஸ்ரீபண்டாரவகை என்று எழுதியிருக்கும், அதாவது பத்மநாபசுவாமி கோயில் வகை, 1964-இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்துதான் ரயத்துவாரி, அதாவது அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலம், ஆனது. விற்பதாக இருந்தால் வாங்குகிறவரின் வக்கீல் இதையெல்லாம் தமிழில் கேட்பார். எங்களுக்கு வாசித்துத் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு காகிதத்தை மூக்கருகில் பிடித்து வாசித்தார், எழுத்தெழுத்தாக. இப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இனி இருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் மலையாள ஆதாரம் இருந்தால் இந்த வருஷமே வாசிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

பத்திரம் எழுதும் இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எழுத்தர் வயதானவர், அன்பாகத்தான் பேசினார். "மக்களே, பொம்பளப் பிள்ளைக ஆண்மக்களுக்கு விடுதலை எழுதிக் குடுத்துட்டுப் போறதுதான் இங்க வழக்கம், பிற்பாடு கோளாறு வராது" என்றார். விடுதலை என்றால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். அண்ணன் முந்திக்கொண்டு, "அது வேண்டாம் அண்ணாச்சி, மூணும் சமமா எழுதுங்க" என்று சொன்னார். கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பாகத்தில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே போய்விட்டது என்று தீர்ப்பளித்தது, மகளுக்கும் சம பாகம். சீதனம் கொடுத்தாச்சே என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் நிலம் வாங்க வருகிறவர்களின் வக்கீல்கள் எல்லா மகள்களின் கையெழுத்தையும் கட்டாயம் கேட்கிறார்கள். விலை ஏறியதால் நடந்த ஒரே நல்லது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சகோதரிகளே, கையெழுத்துப் போடுமுன் முழுக்க வாசியுங்கள், விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் என்ன மதிப்பை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.

தம்பி வர முடியாததால் கனடாவில் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பினான். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

விற்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். மஸ்கட்டிலேயே ஒருவர் எங்கள் விளைக்கு நல்ல விலை சொன்னார். ஆனால் வெளிநாட்டுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கக் கூடாது, அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. வாரிசாக வருவது செல்லும், அதை விற்பதும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான். அடுத்தது வரி. விவசாய நிலம் விற்றால் வரி இல்லை என்று எல்லாத் தரகரும் சொல்வார்கள். அது கிராமப்புற விவசாய நிலத்துக்கு. பத்தாயிரம் பேருக்கு மேலுள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் கிடையாது, வெளியே இருந்தாலும் அந்த ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் என்று தூரம் வைத்திருக்கிறார்கள். குமரியில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட மக்கள் நகர்ப்புறக் கணக்கில் வருகிறவர்கள், எங்கே திரும்பினாலும் பேரூராட்சி. ஆகவே உங்கள் ரப்பர் விளை வரிக்கணக்கில் கிராம நிலமாக இல்லாமல் போக நிறைய வாய்ப்பு. அப்படியென்றால் நீண்டகால லாபத்தில் 12.5 சதவீதமும் மேல்வரியும், நாம் வெளிநாட்டில் வசிப்பதால் வாங்குகிறவரே பிடித்துக் கட்ட வேண்டும். முன்கூட்டி வருமானவரித் துறையில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கலாம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம். நிலப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டவிரோதம், அந்தப் பணத்தை வெளியே அனுப்பவும் முடியாது.

வயலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் வயல் அது. எங்கள் ஏலாவில், அதாவது வயல்வெளியில், சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டாக மாறிக்கொண்டிருக்கிறது, முதலில் வாழை, அப்புறம் வரப்பில் தென்னை, அப்புறம் மண் அடித்து மனைக்கல் ஊன்றல். ஒருவர் மண் அடித்தால் அவருக்குக் கீழே உள்ள ஐந்தாறு பேருக்கு மடை அடைகிறது, அவர்களும் சலித்து விற்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நெல்வயல் பாதுகாப்புக்கு 2008-இல் தனிச் சட்டமே போட்டார்கள். நம்மிடம் அனுமதி, ஒப்புதல் என்று விதி இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இறுக்கமான ஒரு சட்டம் வேண்டும், கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பாதிப் பேர், பாட்டத்துக்கு விட்டால் குத்தகை உரிமை கேட்பார்களோ என்று பயந்து வயலைச் சும்மா போட்டிருக்கிறார்கள், புல் மண்டிய வயல்தான் முதலில் விலைக்குப் போகிறது. நாங்கள் பக்கத்து வயல்காரருக்கே எழுத்து மூலம் ஒரு வருஷப் பாட்டத்துக்கு விட்டோம், வக்கீல் எழுதித் தந்தார், பாட்டத் தொகையை அந்த வயல்காரர் அண்ணன் கணக்கில் போடுவார். விளையில் பழைய பால்வெட்டுக்காரரே தொடர்கிறார். உட்பிரிவு பட்டா வந்த பிறகும் வயலை விற்பதில்லை என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறோம், கும்பப்பூவுக்கு விதைநெல் வாங்க முன்பணம் கேட்டார் பாட்டத்துக்கு எடுத்தவர், கொடுத்துவிட்டுத்தான் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறினேன்.