கொக்குவில் கராஜில் அப்பாவின் பாண்டம்

அப்பாவின் பி.எஸ்.ஏ. பாண்டம் மோட்டார் சைக்கிள் பதினொரு வருடமாக மாட்டுக்கொட்டிலில் சாய்ந்து கிடந்தது. போன மாசியில்தான் அதை லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக் கொக்குவிலுக்குக் கொண்டுபோனேன். கே.கே.எஸ். வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டில். வாசலில் கதவில்லாத மொரிஸ் மைனர் ஒன்று நிற்கும். அதுதான் அடையாளம்.

போக முதலே நான் ஒரு கெட்டித்தனம் செய்திருந்தேன். லொக் புத்தகத்தில் ‘பாண்டம் 125’ என்று இருந்ததால், லண்டனிலிருந்து வந்த மச்சானிடம் சொல்லி டி1 (125இன் மாதிரிப் பெயர்) பிஸ்ரன் ஒன்றை எடுப்பித்துவிட்டேன். கராஜ்கார அண்ணை (எழுபது தாண்டியவர், ஆனாலும் ஊருக்கே அண்ணை) ஹெட்டைக் கழற்றி வேர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். “தம்பி, இதைப் போட்டால் சோடாப் போத்தலுக்குள்ள குண்டு மாதிரிக் கிலுங்கும்” என்றார். சிலிண்டரின் துளை 57 மில்லிமீற்றர். டி1 என்றால் 52தான்.

1948இல் வந்த டி1, 123 சிசி. 1954இல் வந்த டி3, அதாவது பாண்டம் மேஜர், பிஸ்ரன் ஓடும் நீளத்தை அதே 58 மில்லிமீற்றரில் வைத்துத் துளையை மட்டும் பெருப்பித்து 148 சிசி ஆனது. பிறகு வந்த டி5, டி7 இரண்டிலும் துளை 61.5. பெற்றோல் தாங்கியில் எல்லாவற்றிலும் பாண்டம் என்றுதான் இருக்கும், சாமான் வாங்கப் போனால்தான் வில்லங்கம்.

அப்ப இது டி3ஆ என்று கேட்டேன். அவர் பேசாமல் மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சின் இலக்கத்தைத் துடைத்தார். ‘வை.டி.’ என்று தொடங்கியது, அது டி1. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) ‘வை.டி.1எஸ்’. அந்த எஸ், பின்பக்கம் ஸ்பிரிங் உள்ளது என்பதற்கு. பிறகு தாங்கியின் அடியில் பிளேட்டால் மெல்லச் சுரண்டினார். கறுப்பு, அதற்குக் கீழே சிவப்பு, கடைசியில் ஒரு மங்கல் பச்சை. டி1இன் பச்சை. ஆக உடம்பு டி1, சிலிண்டர் மேஜருடையது. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். “தொண்ணூறுகளில மண்ணெண்ணெய் ஊத்தி ஓடி எஞ்சின் இறுகிப் போச்சு. பழைய இரும்புக்காரரிட்ட ஏதோ வாங்கிக்கொண்டு வந்தவர்” என்றார்.

57ஐயே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். அப்பா செய்ததை ஏன் மாற்றுவான்?

இங்கே போனால் கதை கேட்காமல் வர முடியாது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களான ட்ரையம்ப் டைகர் 100, பொன்னவில் டி120 ஆகியவற்றின் இலக்கம் மைல் வேகக் கணக்கு. ஆனால் அதே கம்பனியின் ‘ட்வென்ரி வண்’ 21 கன அங்குலம், அதாவது 350 சிசி. நோர்ட்டன் 16எச்சில் எச் என்றால் ‘ஹோம்’, குடியேற்ற நாடுகளுக்கென்று செய்த மாதிரியிலிருந்து பிரித்துச் சொல்ல. இதைச் சொல்லும்போது அண்ணை சிரித்த சிரிப்பு இருக்கே!

குறைகளும் உண்டு. மூன்று கிழமை என்றவர் நாலு மாதம் எடுத்தார். பற்றுச்சீட்டு கிடையாது. கூலி மட்டும் 46,000 ரூபாய், பிஸ்ரன் வேறு. ஆனால் முன்பு ஓர் இடத்தில் மில்லிமீற்றர் சாவி போட்டு நட்டுகளின் மூலையை மழுக்கித் தந்தார்கள். இவரிடம் விட்வேர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) சாவிகள் முழுச் செற்றும் இருக்கிறது. ஒரு நட்டுக்கூடக் காயப்படவில்லை.

ஓடிப் பார்க்க இணுவில் வரை போனேன். ஜெர்மன் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125ஐக் கண்ணாடியில் பார்த்தது போல் இடம் வலம் மாற்றிச் செய்ததுதான் பாண்டம், அதனால் கியர் வலது காலில். கோண்டாவில் சந்தியில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தேன். தேங்காய் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஞாயிறு பூட்டு. போவதென்றால் காலை ஒன்பதுக்கு முன் போங்கள். போனில் கேட்டால் “கொண்டாங்கோ பாப்பம்” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. டி1 பிஸ்ரன் தேடுகிறவர்கள் அண்ணையின் மேசையில் பாருங்கள், பெட்டி பிரிக்காமல் ஒன்று இருக்கிறது.